துரும்பைக் கிள்ளுவதற்கு முன்

மகன் ஏகாம்பரத்துக்கு உன் சித்தப்பா எழுதுவது.

இதெல்லாம் இப்படித்தான் முடியும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். உன் கல்யாணப் பந்தலில், இரண்டாவது பந்தி எழுந்திருக்கும்போது, கை கழுவிக்கொண்டே சொன்னேன். கேட்டவர்கள் எல்லாம் உயிரோடுதான் இருக்கிறார்கள், விசாரித்துக்கொள். "இந்தப் பொண்ணு ஒரு வருசம் நம்ம வூட்ல தங்காது, எழுதி வச்சிக்க" என்றேன். உன் சித்தி என் விலாவில் இடித்து, "நல்ல நாளும் அதுவுமா இன்னாய்யா பேசிக்கினு இருக்கற? மொதல்ல வாயக் கழுவு, கைய அப்புறம் கழுவலாம்" என்றாள். இப்போது அவளே தண்ணீர்க் குழாயடியில், "அவரு நாக்குல மச்சம் இருக்குதும்மா, சொன்னா நடந்துடும்" என்று சொல்லித் திரிகிறாள். நேற்று உன் கடிதமும் வந்து சேர்ந்தது. 'சித்தப்பா, நீங்கள் அப்போதே சொன்னீர்கள், நான்தான் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். துரும்பைக் கிள்ளிப் போட்டு முடித்துவிடலாம்' என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை மூன்று பேருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். நாலாவது ஆள் வந்தபோது கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். கண் சரியாகத் தெரியவில்லை என்று சொல்லிச் சமாளித்தேன். இன்று புதன்கிழமை. காலைத் தபாலில் போட்டால் வெள்ளிக்கிழமைக்குள் இது உன் கையில் இருக்கும். முழுக்கப் படி. பாதியில் மடித்து வைக்காதே.

துரும்பு கிள்ளுவதை நீ பார்த்ததில்லை. நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நாட்டாண்மைக்காரர் ஒரு வைக்கோல் துரும்பை எடுத்து உன் கையில் கொடுப்பார். நீ அதை இரண்டாகக் கிள்ளி உன் மாமனார் முனுசாமியின் முன்னால் போட வேண்டும். போட்டுவிட்டால் சரோஜா உன் பெண்டாட்டி இல்லை. அதன் பிறகு அவள் யார் வீட்டுக்குப் போனாலும், யாருக்குச் சோறு போட்டாலும் உனக்குக் கேட்க வாய் கிடையாது. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுகிற நேரம்கூட ஆகாது. கோர்ட்டில் வழக்குப் போட்டால் வருஷக்கணக்காக இழுக்கும், ஆனால் இழுக்கிற நேரத்தில் யாராவது யோசித்துப் பார்க்கவாவது இடம் இருக்கிறது. நம் பஞ்சாயத்தில் அதுவும் இல்லை.

நான் நாலாம் வகுப்பைத் தாண்டாதவன். அதையே இரண்டு தடவை படித்ததால் எட்டாவது வரைக்கும் படித்ததற்குச் சமம் என்று சொல்லிக்கொள்கிறவன். தெருவில் யாருக்கு மனு எழுத வேண்டுமானாலும் என்னிடம்தான் வருவார்கள். நான் எழுதிய மனுவைப் படித்துவிட்டுத் தாசில்தார் நாற்காலியைவிட்டு எழுந்து நின்றார் என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். பேசிக்கொள்வார்கள் என்ன, நான்தான் சொல்வேன். ஆனால் உன் விஷயத்தில் ஒன்றை மட்டும் நான் கூட்டிச் சொன்னதே இல்லை. உன்னைப் பெற்ற என் அண்ணனும் அண்ணியும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது உனக்கு மூன்று வயது. அன்றிலிருந்து நீ சித்தப்பா என்று கூப்பிட்டாலும், 'என் பெரிய மகன்' என்றுதான் எல்லாரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். அதில் ஜரிகை வேலை எதுவும் இல்லை, வெறும் நூல்தான்.

வாலாஜாபாத்துக்கு நாம் பெண் பார்க்கப் போனோமே, அன்றைக்கு நீ பெண்ணின் முகத்தைப் பார்த்தாய். நான் அவள் கையைப் பார்த்தேன். ஆள்காட்டி விரலின் ஓரம், ஊடு நூலை ஓட்டுகிற தறி நாடா பட்டுப் பட்டுக் காய்த்துப் போயிருந்தது. கரை கோர்த்து நெய்கிற சேலைக்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உடலை நெய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர் கரைக்கான நாடாவை வீசிக் கோர்த்துக் கொடுக்க வேண்டும். இரண்டு பேர் கையும் ஒரே மூச்சாகப் போகாவிட்டால் கரை வேறு, சேலை வேறு என்று நிற்கும். முனுசாமிக்கு ஆண்பிள்ளை கிடையாது. பாவாடை கட்டிய நாளிலிருந்து சரோஜாதான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடா போட்டாள். திரும்பி வரும் பஸ்ஸிலேயே சொன்னேன்: "முனுசாமி பொண்ணக் கொடுத்துடுவான்பா. அந்தக் கையத்தான் கொடுக்க மாட்டான்." நீ சிரித்துக்கொண்டு, "அப்ப கைய அங்கயே வச்சிட்டு மிச்சத்தக் கூட்டியாந்துடலாம் சித்தப்பா" என்றாய். கண்டக்டர்கூடச் சிரித்தான். என் வாக்கை யாரும் அன்றைக்கு மதிக்கவில்லை என்கிற எரிச்சல் எனக்குள் அப்போதே உட்கார்ந்துவிட்டது.

ஏன் இப்படி இந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு அறுத்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று என்னை நிறையப் பேர் கேட்கிறார்கள். இந்தத் தெருவில் மட்டும் போன வருஷம் நூறு துரும்பு விழுந்தது என்று நான் சொல்வேன். உன் சித்தி, "நூறா? ஏழோ எட்டோ" என்பாள். ஏழென்றே வைத்துக்கொள். என் அப்பா காலத்தில் அப்படி ஒன்று நடந்தால் அடுத்த கோயில் கொடியேற்றம் வரை ஊர் அதையே பேசும். சினிமா பார்த்துக் கெட்டுப்போனார்கள் என்று நாட்டாண்மை சொல்கிறார். புதுச் சட்டம் வந்து பெண்களுக்குத் துளிர்விட்டுப் போச்சு என்று மளிகைக்கடைச் செட்டியார் சொல்கிறார். நான் அப்படிச் சொல்லமாட்டேன். அந்தக் காலத்தில் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே தறியில் உட்கார்ந்திருந்தார்கள். காலையில் சட்டியைப் போட்டு உடைத்துச் சண்டை போட்டாலும், வெயில் ஏறுவதற்குள் அவன் நாடாவை அனுப்ப வேண்டும், அவள் வாங்க வேண்டும். ஒருவர் முறுக்கிக்கொண்டால் சேலை நின்றுபோகும். இப்போது நீ அம்பத்தூரில் மிஷின் முன்னால் நிற்கிறாய். அவள் வாலாஜாபாத்தில் தகப்பன் தறியில் உட்கார்ந்திருக்கிறாள். சண்டை போட்டால் சமாதானம் ஆகவேண்டிய கட்டாயம் எதுவும் உங்களுக்கு இல்லை. அதோடு சம்பாதிக்கிற கை உள்ள பெண்ணைத் தகப்பன் வீடு தாங்கும். கை இல்லாத பெண்ணை, அடித்தாலும் உதைத்தாலும், மறுபடி அங்கேயே கொண்டுபோய்த் தள்ளும்.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. உன் அத்தையை உனக்கு ஞாபகம் இருக்காது. என் கூடப் பிறந்தவள், கூரம் கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவள். மூன்று தடவை முதுகெல்லாம் தடிப்போடு வந்து நின்றாள். எங்கள் வீட்டில் அப்போது இருந்தது ஒரே தறி, அதற்கும் கை போதுமான அளவு இருந்தது. மூன்று தடவையும் நான்தான் வண்டி கட்டிக் கொண்டுபோய் விட்டேன். கடைசித் தடவை வண்டியைவிட்டு இறங்கும்போது, "அண்ணா, தறிப் பக்கத்துல ஒரு பாய் போட எடம் இல்லாமலா போச்சு?" என்று கேட்டாள். "அனுசரிச்சுக்கினு போம்மா" என்றேன். பெரிய புத்திமதி சொல்லிவிட்ட மாதிரி மீசையைத் தடவிக்கொண்டு திரும்பி வந்தேன். அடுத்த மழைக்காலம் அவள் இல்லை. கிணற்றில் தண்ணீர் இழுக்கும்போது வழுக்கிவிட்டது என்று அவர்கள் சொன்னார்கள், நாங்களும் அப்படியே சொன்னோம். அவளுக்காக ஒரு துரும்பும் கிள்ளப்படவில்லை. பஞ்சாயத்துக்காரர்கள் வாயில் அது இன்றைக்கும் குலையாத குடும்பம்தான். அந்தக் காலம் நல்ல காலம் என்று யாராவது உன்னிடம் சொன்னால் இதை நினைத்துக்கொள்.

உன் கதைக்கு வருகிறேன். வைகாசியில் உனக்குக் கல்யாணம். சரோஜாவை இங்கே சித்தியிடம் விட்டுவிட்டு நீ வேலைக்குப் போனாய். வாரம் ஒரு நாள் வந்தாய். ஆடி பிறப்பதற்கு முந்தின நாள் முனுசாமி வந்து வழக்கப்படி மகளை அழைத்துப் போனார். இடையில் நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து இருந்தது ஏழு ஞாயிற்றுக்கிழமை. அந்த ஏழில் ஒன்றில் நான் உன்னைக் கூட்டிக்கொண்டு ஓரிக்கைப் பக்கம் ஆற்றுக்குப் போய், என் சமர்த்துகளைச் சொல்லிப் பொழுதைக் கழித்தேன். ஆக ஆறு. ஆவணி பிறந்ததும் வீட்டுப் பெரியவர் தட்டு கொண்டுபோய் மருமகளை அழைத்து வர வேண்டும். பெரியவர் மூன்று தடவை அழைத்தும் பெண் வரவில்லை என்றால்தான் பஞ்சாயத்து கூடும். அதுவரை மாப்பிள்ளை தானாகப் போய் நின்றால் மரியாதைக் குறைவு. முதல் தடவை நான் போனபோது முனுசாமி, "கல்யாணப் பொடவை தறியில ஏறி இருக்குது சம்மந்தி. பத்து நாள் பொறுங்க" என்றார். புரட்டாசியில் இரண்டாம் தடவை. அன்றைக்குப் பேச்சு முற்றிவிட்டது. "தறியில உக்காந்த பையன்னுதானே பொண்ணக் கொடுத்தேன்? கல்யாணம் ஆன கையோட நெரந்தர வேலைன்னு மிஷினுக்குப் போய்ட்டான். எம்பொண்ணு அங்க ஒண்டுக் குடித்தனத்துல சொவத்தப் பாத்துக்கினு உக்காந்திருக்கணுமா?" என்று அவர் கேட்டார். "பொண்ணக் கொடுத்தியா, கூலிக்கு வாங்கிக்கினியா?" என்று நான் கேட்டேன். சரோஜா தறியடியில் உட்கார்ந்து இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

மூன்றாம் தடவை போனது தீபாவளிக்கு நாலு நாள் முன்பு. திரும்பி வந்து நான் சொன்னது உனக்கு மனப்பாடமாக இருக்கும். முனுசாமி தறிக்குழியைவிட்டு எழுந்திருக்கவே இல்லை என்றேன். தலைதீபாவளிக்கு உன்னை ஒரு வார்த்தை அழைக்கவில்லை என்றேன். சரோஜா கையிலிருந்த நாடாவைத் தரையில் வீசிவிட்டு, "அந்த வூட்டு வாசப்படிய இனிமே மிதிக்க மாட்டேன், போய்ச் சொல்லுங்க உங்க புள்ளகிட்ட" என்று சொன்னதாகச் சொன்னேன். நாடா உருண்டு வந்து என் காலில் பட்டது என்றுகூடச் சொன்னேன். நீ புதுத் துணிக்காக எடுத்து வைத்திருந்த பையை அப்படியே பரண்மேல் போட்டுவிட்டு அம்பத்தூருக்கு வண்டி ஏறினாய். தலைதீபாவளி அன்றைக்குக் கம்பெனியில் டபுள் டூட்டி பார்த்ததாக உன் சிநேகிதன் வந்து சொன்னான். சித்தி அன்றைக்கு எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றவே இல்லை.

தை மாதம் பஞ்சாயத்து கூடியது. உனக்கு லீவு கிடைக்கவில்லை, நான்தான் உன் பக்கம் உட்கார்ந்தேன். அழைக்கப் போன பெரியவர் சொல்வதுதான் அங்கே சாட்சி. பெண்ணைச் சபையில் நிறுத்திக் கேட்கிற வழக்கம் கிடையாது. அவள் பக்கம் தகப்பன் பேசுவார், அவ்வளவுதான். நான் மூன்று தடவை போய் வந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். நாட்டாண்மையே வாய் பிளந்து கேட்டார். முனுசாமி எழுந்து, "தீவாளிக்கு நாங்க..." என்று ஆரம்பித்தார். நான் விடவில்லை. "சம்மந்தி வந்தா தறிக்குழிய வுட்டு எழுந்திருக்காத மனுசன் தீவாளிய பத்திப் பேச வந்துட்டாருபா" என்றேன். சபை முழுக்கச் சிரித்தது. அவருக்கு முகம் செத்துப்போய்விட்டது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அவங்க பையனுக்கு வேணான்னா எம்பொண்ணுக்கும் வேணாம். தீத்துக்கலாம்" என்று உட்கார்ந்துவிட்டார். மாசி முதல் ஞாயிறு என்று நாள் குறித்தார்கள். நான் வீட்டுக்கு வந்து இரண்டு டம்ளர் காபி குடித்தேன்.

போன வாரம் ஜரிகை வியாபாரம் பண்ணுகிற காதர் பாய் கடையில் உட்கார்ந்து இந்தக் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். என் கதையை அவர் இருபது வருஷமாகக் கேட்கிறவர், எங்கே சிரிக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அன்றைக்குச் சிரிக்கவில்லை. "அந்தப் பொண்ணு குரல உங்க பஞ்சாயத்துல எத்தன பேரு கேட்டாங்க?" என்றார்.

"பொம்பள எதுக்கு பாய் சபைக்கு வரணும்? அதான் நான் போய்க் கேட்டுக்கினு வந்தேன்ல."

"நிக்கா வைக்கும்போது எங்கள்ல சாட்சியோட போய்ப் பொண்ணோட சம்மதத்தக் கேட்டுக்கினு வருவாங்க. அறுக்கும்போது நாங்களும் கேக்கறதில்ல, அத வுடு. நீங்க கட்டும்போதும் கேக்கறதில்ல, அறுக்கும்போதும் கேக்கறதில்ல. கேட்டது நீ ஒருத்தன். உன்ன நான் இருவது வருசமா கேட்டுக்கினு இருக்கறவன்பா."

இதை அவர் கேலியாகச் சொல்லியிருந்தால் நானும் கேலியாக ஏதாவது சொல்லியிருப்பேன். அவர் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னார். கடையில் வேறு ஆள் வந்ததும் என்னிடம் பேச்சை விட்டுவிட்டார். நான் வீட்டுக்கு நடந்து வந்தேன். வழியில் மூன்று பேர், "உங்க வாக்கு பலிச்சிடுச்சே" என்று கும்பிட்டார்கள். பதில் கும்பிடு போட்டேனா என்று ஞாபகம் இல்லை.

ஏகாம்பரம், எனக்கு வயதாகிவிட்டது. பாவு நீட்டும்போது அறுந்த இழை கண்ணுக்குத் தெரிவதில்லை, சித்தி வந்து முடிந்துவிட்டுப் போகிறாள். உனக்கு நான் புத்திமதி என்று இதுவரை சொன்னதில் பாதிக்குமேல் என் பெருமைக்காகச் சொன்னது. இப்போது சொல்வதை மட்டும் கேள். உன் பெண்டாட்டி சொன்னதாக வருகிற எந்த வார்த்தையையும் அவள் வாயிலிருந்து கேட்காமல் நம்பாதே. கொண்டுவருகிறவன் உன்னை வளர்த்தவனாக இருந்தாலும் நம்பாதே. ஞாயிற்றுக்கிழமை நேரே காஞ்சிபுரத்துக்கு வராதே. சனிக்கிழமையே லீவு போட்டுவிட்டுச் செங்கல்பட்டில் ரயில் மாறி வா. நம் ஊருக்கு முன்னால் வாலாஜாபாத் வரும், அங்கே இறங்கிவிடு. மரியாதை, வழக்கம் என்று யாராவது சொன்னால் என் பெயரைச் சொல்லு. முனுசாமி எழுந்திருக்காவிட்டால் நீ தறிக்குழி ஓரத்திலேயே உட்கார். அவரைத் தாண்டிப் பக்கத்தில் இருக்கிறவளைப் பார்த்துக் கேள். அவள் முடியாது என்று சொன்னால் மறுநாள் வந்து துரும்பைக் கிள்ளு, நான் தடுக்கமாட்டேன். இத்தனை மாதம் போன பிறகு அவள் அப்படிச் சொன்னாலும் அவள்மேல் தப்பில்லை.

இனி எழுத வேண்டியதை எழுதிவிடுகிறேன். மூன்றாம் தடவை நான் போனபோது முனுசாமி எழுந்திருக்கவில்லை என்பது நிஜம். அவர்கள் அப்போது முந்தானையைச் சேலையின் உடலோடு இணைத்துக்கொண்டிருந்தார்கள். இழைக்கு இழை முடிகிற வேலை, நடுவில் எழுந்தால் அத்தனையும் போய்விடும். தறியில் பிறந்து வளர்ந்த எனக்கு அது தெரியாதா? தெரிந்தும் கோபப்பட்டேன். அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே கையைக் கூப்பி, "நேர்ல வந்து கூப்படணும் சம்மந்தி, இந்தப் பொடவை தீவாளிக்கு முன்ன எறங்கணும், தப்பா எடுத்துக்காதீங்க. மாப்பிள்ளைய தலைதீவாளிக்கு அனுப்பி வைங்க" என்றார். நான் காபிகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டேன். தெருமுனை தாண்டுவதற்குள் சரோஜா பின்னாலேயே ஓடி வந்தாள். விரலில் இன்னும் பட்டு இழை ஒட்டிக்கொண்டிருந்தது. "மாமா, அவரு தீவாளிக்கு வந்தாருன்னா நான் கூடவே கெளம்பிடுவேன். அப்பாகிட்ட சொல்லிட்டேன், சரின்னுட்டாரு. அம்பத்தூர்ல ஒரு ரூமா இருந்தாக்கூட பரவால்ல" என்றாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபோது எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? இவள் வந்துவிட்டால் பந்தலில் நான் சொன்னது பொய்யாகிவிடும், தெரு முழுக்கச் சிரிக்கும் என்று தோன்றியது. இவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது கிடைக்குமா என்று நானும் தேடிப் பார்த்துவிட்டேன்.

வாசற்படியை மிதிக்க மாட்டேன் என்பது காஞ்சிபுரம் வந்து சேர்வதற்குள் பஸ்ஸில் நான் கட்டியது. அவள் நாடாவை வீசவில்லை, என் காலில் எதுவும் வந்து படவில்லை. பஸ் நிற்கிற இடம் வரை கூடவே வந்து, பஸ் கிளம்பும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "மறக்காம சொல்லுங்க மாமா" என்றாள். நான் மறக்கவில்லை.